பதினைந்தாவது பல்

175, 235, 280. பழைய 100 சி.சி. வண்டி 'இழுக்கவே மாட்டேங்குது' என்று பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகுமுன் எழுதிப் பார்க்க வேண்டிய எடைக்கணக்கு இது. ஸ்பிளெண்டர் வகை வண்டி சுமார் 110 கிலோ. ஓட்டுபவர் 65 கிலோ என்றால் மொத்தம் 175. பின்னால் 60 கிலோவில் ஒருவர் ஏறினால் 235. நடுவில் ஒரு யூரியா மூட்டையைச் சொருகினால், 2018 முதல் மூட்டைக்கு 45 கிலோ, 280. என்ஜின் தரும் இழுவை மாறவில்லை. வேகம் பிடிப்பது மட்டும் 37.5 சதவீதம் குறைந்துவிட்டது. எந்தக் கோளாறும் இல்லாமலே.

கங்கைகொண்ட சோழபுரத்துக்காரர் ஜெயங்கொண்டத்திலோ மீன்சுருட்டியிலோ பார்த்து வாங்கும் பழைய வண்டிக்கு நீண்ட நேர்ச்சாலை வேகம் பெரிதாகத் தேவையில்லை. கோயில் முன்னால் பேருந்துக்கு ஒதுங்கி, வேகத்தடை தாண்டி, முந்திரிக்காட்டு மண்பாதையில் திரும்பி, மறுபடி ரெண்டாவது கியரில் எடுக்க வேண்டும். அதாவது 10 முதல் 35 கிலோமீட்டர் வரையிலான வேகம்தான் அன்றாடப் பிழைப்பு. என்ஜின் கஞ்சத்தனம் காட்டும் இடமும் அதுவே. பழைய ஸ்பிளெண்டரின் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 49.5 மி.மீ.; இவற்றின்படி கொள்ளளவு 97.2 சி.சி. அதிகபட்ச முறுக்குவிசை சுமார் 8 நியூட்டன் மீட்டர், அதுவும் 5,000 சுற்றில். 2,000 சுற்றில் 6 கிடைப்பதாக வைத்துக்கொண்டால், கையில் இருப்பது 1.7 குதிரைத்திறன். இதில் பத்து சதவீதம் போனாலும் தொடையிடுக்கில் தெரியும்.

அந்தப் பத்து சதவீதத்தை முந்தைய உரிமையாளரே எடுத்திருக்கக்கூடும். மைலேஜுக்காக முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டுவது நம் பக்கத்தில் பழைய பழக்கம். முன்னால் 14, பின்னால் 42 பல் என்றால் விகிதம் 3.00. முன்னால் 15 போட்டால் 2.80. எல்லா கியரிலும் இழுவை 6.7 சதவீதம் காலி. பின்னாலும் 40 பல் போட்டிருந்தால் இழப்பு 11.1 சதவீதம். 2.75-18 டயருக்குப் பதில் 'கெட்டியா இருக்கட்டும்' என்று 3.00-18 மாட்டியிருந்தால், சக்கர விட்டம் கூடியதற்கு இன்னும் 2 சதவீதம். மூன்றும் சேர்ந்தால் 13 சதவீதம். கார்பரேட்டரை எத்தனை முறை கழற்றிக் கழுவினாலும் இது திரும்பாது. பற்களை எண்ண இரண்டு நிமிடம், செலவு பூஜ்யம். வண்டியின் கையேட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பல் மிச்சம் பிடித்ததையும் பார்த்துவிடலாம். ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர், மைலேஜ் 60-லிருந்து 63 ஆனதாகத் தாராளமாகவே வைப்போம். 150 லிட்டர் 142.9 ஆகிறது. லிட்டர் 100 ரூபாய் என்று முழு எண்ணாகப் போட்டால் மிச்சம் 714 ரூபாய். ஆனால் இழுவை குறைந்த வண்டியை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கிளட்சை அரைகுறையாகப் பிடித்தே கிளப்ப வேண்டியிருக்கும். கிளட்ச் ப்ளேட், ஆயில், கூலி சேர்த்து சுமார் 1,000 முதல் 1,500 ரூபாய். மூட்டை ஏற்றும் வண்டிக்கு இந்த வியாபாரம் எனக்குக் கட்டுபடியாகத் தெரியவில்லை.

அடுத்ததும் காசில்லாத சோதனைகள்தான். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உடனே நின்றால் பிரேக் ஷூ உரசுகிறது, அல்லது செயின் விறைத்திருக்கிறது. செயினுக்கு 20 முதல் 30 மி.மீ. தொய்வு வேண்டும். கிளட்ச் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. தளர்ச்சி இருக்க வேண்டும். இல்லையென்றால் ப்ளேட் எப்போதும் பாதி விலகியே நிற்கும். டாப் கியரில் 40-இல் போகும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்குங்கள். சத்தம் மட்டும் ஏறி முள் நகராவிட்டால் என்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது, கிளட்ச் வழுக்குகிறது. கார் ஆயில் ஊற்றிய வண்டியிலும் இதே கூத்து நடக்கும். எண்ணெயில் நனைந்து ஓடும் கிளட்சுக்கு ஜாஸோ எம்.ஏ. தர ஆயில்தான் பொருந்தும்.

இவையெல்லாம் சரி என்றால்தான் கார்பரேட்டர். ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, நாலு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். முதல் கால்பங்கில் திணறினால் பைலட் ஜெட்டும் காற்றுத் திருகும். கால் முதல் முக்கால்வரை என்றால் ஊசி. முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். எடுக்கும்போது திணறும் வண்டிக்கு மெயின் ஜெட் மாற்றுவது வீண் செலவு. நிறைய பட்டறைகளில் அதைத்தான் செய்கிறார்கள்.

சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் ஆலைகளும் உள்ள அரியலூர்ச் சாலையில் ஓடிய வண்டிக்கு ஏர் ஃபில்டரைக் கையேடு சொல்லும் கிலோமீட்டர்வரை விட்டுவைக்கக் கூடாது. அடைத்த ஃபில்டரில் பெட்ரோல் மிகுந்து ப்ளக் கரி பிடிக்கும். பழைய ஸ்பிளெண்டரில் ப்ளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று போதும் என்றால், இ20-க்குச் சுமார் 13.5. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வருவதற்கு முந்தைய கார்பரேட்டர் வண்டிக்கு இதை உணரும் சென்சார் கிடையாது; ஜெட் அளவு அப்படியே இருப்பதால் கலவையில் காற்று 8, 9 சதவீதம் மிகுதியாகிறது. சிறு திறப்பில் முறுக்கியதும் ஒரு கணம் வெறுமையாகப் போவது இதனாலும் இருக்கலாம். பைலட் திருகைச் சரிசெய்தாலோ, காடி உள்ள ஊசியை ஒரு காடி உயர்த்தினாலோ பெரும்பாலும் தீரும். இ10-க்குச் சரிசெய்யப்பட்ட இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. அது மைலேஜ் கணக்கு. பிக்கப் பாதியாகப் போனதற்கு எத்தனாலைக் குற்றம் சொல்ல முடியாது.

ரூபாய்க்கு வருவோம். எல்லாம் தோராயம், கடைக்குக் கடை மாறும். ப்ளக் 100, ஃபில்டர் 200, கார்பரேட்டர் சுத்தம் 300: மொத்தம் 600. போர் போட்டுப் பிஸ்டன், ரிங் மாற்ற 4,000 வரை ஆகலாம். 'ரிங் போச்சு' என்று யாராவது சொன்னால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள்: முதலில் அப்படியே, பிறகு ப்ளக் துளையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு. இரண்டாம் முறை அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு, டேப்பட் இடைவெளியை முதலில் பார்க்க வேண்டும், அதற்குக் கூலி மட்டும்தான்.

நம்பர் பலகையையும் கணக்கில் சேருங்கள். அரியலூர் தனி மாவட்டமானது 2007 நவம்பர் 23-இல். இப்போது அதன் எண் டி.என். 61. டி.என். 46 என்றிருந்தால் வண்டி பெரம்பலூரிலிருந்து வந்திருக்கலாம், அல்லது 15 வயது தாண்டியிருக்கலாம். தாண்டியிருந்தால் பதிவைப் புதுப்பிக்க 1,000 ரூபாய். 20 வயதுக்கு மேல் என்றால் 2025 ஆகஸ்ட் முதல் 2,000. கிளட்ச் சோதனையில் தோற்ற வண்டிக்கு 1,500, கம்ப்ரஷன் ஆயில் விட்டு ஏறிய வண்டிக்கு 4,000, பதிவுக்கு இந்தத் தொகை. மூன்றையும் விற்பவர் சொன்ன விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.