நோயெதிர்ப்பு வீழ்படிவில் ஆன்டிஜெனின் பருமன்

ஆன்டிஜெனும் அதற்குரிய எதிர்ப்பொருளும் கரைசலில் பிணைந்து, கரையாத திரளாக அடியில் படிவதே நோயெதிர்ப்பு வீழ்படிவு ஆகும். ஓர் ஆன்டிஜென் மூலக்கூறு எத்தனை எதிர்ப்பொருள்களைத் தாங்கும் என்பது பெரிதும் அதன் பருமனைப் பொறுத்தது.

நுரையீரல் அழற்சிக்குக் குதிரைச் சீரம் மருந்தாக அளிக்கப்பட்ட காலத்தில், சீரத்தின் வலிமை நீர்த்தல் அளவைக் கொண்டே மதிப்பிடப்பட்டது. அதில் எத்தனை மில்லிகிராம் எதிர்ப்பொருள் உள்ளது என்று கூற இயலவில்லை. 1929 முதல் மைக்கேல் ஹைடல்பெர்கரும் ஃபாரஸ்ட் கெண்டலும் இதற்கு வழி கண்டனர். மூன்றாம் வகை நியூமோகாக்கசின் கூட்டுச்சர்க்கரையில் நைட்ரசன் இல்லை. ஆகவே வீழ்படிவில் காணும் நைட்ரசன் முழுவதும் எதிர்ப்பொருளுக்கே உரியது. எளிய, ஆனால் கூர்மையான உத்தி இது. புரத ஆன்டிஜென் எனில், அதன் நைட்ரசனைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பொருள் மிகுதியாக உள்ள நிலையில், ஏறத்தாழ 42,000 மூலக்கூற்று எடையுள்ள முட்டை அல்புமின் 5 எதிர்ப்பொருள்களை ஏற்கிறது. 7 இலட்சம் எடையுள்ள தைரோகுளோபுலின் சுமார் 40-ஐயும், 4 கோடி எடையுள்ள புகையிலைத் தேமல் வைரசு சுமார் 650-ஐயும் ஏற்கின்றன.

மாணவர்கள் குழம்பும் இடம் இதற்கு அடுத்தது. எண்ணிக்கை கூடினாலும் எடை விகிதம் குறைகிறது. எதிர்ப்பொருளின் எடையை 1.5 இலட்சம் எனக் கொண்டால், 1 கிராம் முட்டை அல்புமினுடன் சுமார் 18 கிராம் எதிர்ப்பொருள் படியும். தைரோகுளோபுலினுடன் 8.6 கிராம், வைரசுடன் 2.4 கிராம் மட்டுமே. எதிர்ப்பொருள் மேற்பரப்பில்தான் ஒட்டும். பருமன் பெருகும்போது எடை பெருகும் வேகத்தில் மேற்பரப்பு பெருகுவதில்லை என்பதே காரணம். இடநெருக்கடியும் உண்டு. அவ்வைரசின் உறையில் ஏறக்குறைய 2,130 ஒரேமாதிரியான புரத அலகுகள் இருந்தும் 650 எதிர்ப்பொருள்களே அமர்கின்றன. ஒன்று அமர்ந்தால் அருகிலுள்ள இடங்கள் மறைந்துவிடுகின்றன.

இவ்வெண்கள் உச்ச அளவுகளே. சமநிலைப் பகுதியில் முட்டை அல்புமினுக்கு இது ஏறத்தாழ 3 ஆகக் குறையும். ஆன்டிஜென் மேலும் மிகுந்தால் வலைப்பின்னல் உருவாகாமல் சிறு கூட்டுகள் கரைந்தே நிற்கும். அப்போது குழாயில் வீழ்படிவு காணப்படாததால், எதிர்ப்பொருளே இல்லை என்று தவறாக முடிவு செய்ய நேரிடும். எனவே ஒரே சீரத்தைப் பல ஆன்டிஜென் அளவுகளுடன் சோதிப்பது வழக்கம்.

ஒரேயொரு பிணைப்பிடம் கொண்ட ஹாப்டென் போன்ற சிறு மூலக்கூறுகள் எதிர்ப்பொருளுடன் பிணையும். ஆனால் வீழ்படிவு தருவதில்லை.