திரைப்படத்தில் வழுவும் வழுவமைதியும்

குற்றத்தைப் பற்றிய தமிழிலக்கணக் கொள்கை நுட்பமானது. குற்றமின்றி நிற்பதனை வழாநிலை என்றும், குற்றப்பட்டு நிற்பதனை வழு என்றும் கூறியதோடு நம் இலக்கண ஆசிரியர் அமையவில்லை. குற்றமே எனினும் தக்கதொரு காரணம்பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவதனை வழுவமைதி என மூன்றாவதாக வகுத்தனர். ஆவின்மீது கொண்ட உவப்பினால் ஒருவன் அதனை அன்னை என்று உயர்திணையாற் கூறுவானாயின், அது திணை வழுவே. ஆயினும் உவப்பு என்னும் காரணம் நோக்கி அமைத்துக்கொள்ளப்படும். இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, வழுவமைதி என்பது வழுவை வழுவன்று எனக் கூறுவதில்லை. மற்றொன்று, காரணம் காட்ட இயலாதவிடத்து வழு வழுவாகவே நின்றுவிடும்.

திரைப்படம் இன்று தமிழாராய்ச்சியின் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. ஆயினும், ஆராயப்படும் படங்களைத் தேர்வதில் நாம் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களையே கொள்கின்றோம். மக்கள் திரண்டு கண்ட படம் ஒன்று. குறை காணவியலாது எனப் பெயர்பெற்ற படம் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே, வெளிவந்த காலத்தில் போற்றப்படாமலும் குறைகள் உடையனவாயும் சுவைத்தற்குரிய பண்பு மிக்கனவாயும் உள்ள படங்கள் பல. அவற்றை எவ்வாறு சுவைப்பது என்னும் வினாவிற்கு வழுவமைதி என்னும் கருத்து விடை தருமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் 1954-ஆம் ஆண்டில் வெளிவந்த 'அந்த நாள்' என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். ஏ. வி. மெய்யப்பனின் நிறுவனம் தயாரித்த இப்படத்தை இயக்கியவர், பின்னாளில் வீணைக் கலைஞராகப் பெரும்புகழ் எய்திய எஸ். பாலச்சந்தர். திரைக்கதையை எழுதியவர் ஜாவர் சீதாராமன். பாட்டும் ஆடலும் இன்றித் தமிழ்ப்படம் இல்லை என்றிருந்த காலத்தில் ஒரு பாடலும் இன்றி இப்படம் வந்தது. கதைத் தலைவனாகிய வானொலிப் பொறிஞன் தொடக்கக் காட்சியிலேயே சுடப்பட்டு இறக்கின்றான். சென்னை மீது 1943-இல் சப்பானியர் குண்டு வீசிய நாளை ஒட்டிக் கதை நிகழ்கின்றது. அவனைச் சுற்றியிருந்தோர் ஒவ்வொருவரும் தாம் அறிந்ததனைக் கூறி, மற்றொருவர்மேல் ஐயத்தைச் சார்த்துகின்றனர். நடுவணரசின் தகுதிச் சான்றிதழைப் பெற்றதாயினும், முதன்முறை திரையிடப்பட்டபோது இப்படம் வணிக வெற்றி பெறவில்லை.

இப்படத்தின் குறைகளை மறைக்க வேண்டுவதில்லை. நாடக மேடையிலிருந்து வந்த நடிப்பு முறை சில இடங்களில் மிகையாகத் தோன்றுகின்றது. இறுதிப் பகுதியில் நாட்டுப்பற்றைப் பற்றிய உரையாடல் நீண்டு அறவுரையாக மாறுகின்றது. சப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராசோமன்' (1950) படத்தோடு இதனை ஒப்பிடுவோர் மேலும் ஒரு குறை கூறுவர். அப்படத்தில் ஒரே நிகழ்ச்சி நால்வரால் நான்கு வகையாகக் கூறப்படுகின்றது. உண்மை எது என்பது இறுதிவரை அறுதியிடப்படவில்லை. 'அந்த நாள்' படத்திலோ துப்பறிவோர் உண்மையைக் கண்டு முடிவு கூறிவிடுகின்றார். ஆதலின், உண்மையின் இயல்பைப் பற்றிய வினா கொலையாளி யார் என்னும் வினாவாகச் சுருங்கிவிட்டது என்பர்.

இக்குறைக்குக் காரணம் உண்டா எனின், உண்டு. இப்படம் எழுப்பும் வினா வேறு. தன் திறமையைத் தன் நாடு மதிக்கவில்லை என்னும் மனக்கசப்பால் ஒருவன் பகைவர்க்கு உளவு கூறத் துணிகின்றான். அவனை விரும்பி மணந்தவளோ நாட்டின்மீது பற்றுடையவள். காதலும் நாட்டுப்பற்றும் ஒரு வீட்டினுள் மோதுகின்றன. இம்மோதலுக்கு ஒரு முடிவு வேண்டும். உண்மை இன்னதென்று அறியப்படாவிடில் அவள் துயரத்திற்குப் பொருளில்லை. எனவே, 'ராசோமன்' நெறியிலிருந்து வழுவியது, தான் எடுத்துக்கொண்ட பொருள் நோக்கி வழுவியதாகும். இஃது அமைதி பெறும். நீண்ட அறவுரைக்கோ அத்தகைய காரணம் காட்டல் அரிது. காட்சியால் முன்னரே உணர்த்தப்பட்டதனை அது சொல்லால் மீண்டும் கூறுகின்றது. அது கூறியது கூறல் என்னும் குற்றத்தின்பாற்படும், அமைதி பெறாது. ஒரே படத்தில் ஒரு குறையை ஏற்றுப் பிறிதொன்றை விலக்குவது முரண்பாடு அன்று. சுவைத்தல் என்பதே அவ்வாறு பகுத்தறிதல்தான்.

இரண்டாவதாக, சி. ருத்ரையா இயக்கி 1978-இல் தீபாவளியை ஒட்டி வெளிவந்த 'அவள் அப்படித்தான்' என்னும் படத்தைக் காண்போம். கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீப்ரியா என்னும் புகழ்பெற்ற நடிகர் மூவர் இருந்தும் முதல் வெளியீட்டில் அது தோல்வியே கண்டது. இப்படத்தின்மேல் கூறப்படும் பெருங்குறை, மாந்தர் மிகுதியாகப் பேசுகின்றனர் என்பது. பெண்ணின் நிலைபற்றிய கருத்துகள் நிகழ்ச்சியால் விளங்காமல் உரையாடலால் எடுத்துரைக்கப்படுகின்றன என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு.

ஆயினும், பேசுவோர் யார் என்று நோக்குதல் வேண்டும். அருண் பெண்களைப் பற்றிய ஆவணப்படம் எடுப்பவன். பல பெண்களை வினவி அவர்தம் கருத்தைப் பதிவு செய்பவன். தியாகு பெண்களை இழிவாக எண்ணுபவன்; அவ்வெண்ணத்தை மறையாது கூறுபவன். இவ்விருவர்க்கும் இடையே, ஆடவரால் பலமுறை ஏமாற்றப்பட்ட மஞ்சு நிற்கின்றாள். பெண்ணுரிமையைப் பற்றி நன்கு பேசத் தெரிந்த அருணே, தன்முன் நிற்கும் ஒரு பெண்ணை உணர்ந்து ஏற்க இயலாதவனாய் வேறொருத்தியை மணந்து செல்கின்றான். பேச்சு மிகுதி என்று நாம் குறை கூறியதே இப்படத்தின் பாடுபொருள் என்பது அப்போது விளங்கும். மாந்தர் குறைவாகப் பேசியிருப்பின், சொல்லுக்கும் வாழ்வுக்கும் இடையேயுள்ள தொலைவு இத்துணைக் கூர்மையாகப் புலப்பட்டிராது. முன்னைய படத்தில் அமைதி பெறாத சொன்மிகை ஈண்டு அமைதி பெறுகின்றது. குற்றத்தின் பெயர் ஒன்றேயாயினும் காரணம் வேறாதலின் முடிவும் வேறாயிற்று.

ஈண்டு ஒரு தடை எழலாம். காரணம் தேடப் புகுந்தால் எக்குறைக்கும் ஒரு காரணம் கற்பிக்கலாமே. அது திறனாய்வு ஆகுமா, பரிந்து பேசுதல் ஆகுமா என்று வினவலாம். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. இதற்கு இரண்டு வரையறைகள் வேண்டும். முதலாவது, காரணம் படத்தினுள்ளேயே காட்டப்படுதல் வேண்டும். பணமுடை, காலக்குறைவு, இயக்குநரின் நல்லெண்ணம் முதலாகப் புறத்தேயுள்ளவை இரக்கத்திற்கு இடமாகலாம், அமைதிக்குக் காரணமாகா. இரண்டாவது, அக்குறையை நீக்கிப் பார்த்தால் படம் மேம்படுமா, குன்றுமா என்று வினவுதல் வேண்டும். மேம்படுமாயின் அது வழு, குன்றுமாயின் வழுவமைதி. குணத்தையும் குற்றத்தையும் நாடி மிகுதியானதனைக் கொள்க என்பது வள்ளுவர் காட்டும் நெறி. அஃது ஒருவனைத் தெரிந்து தெளிதற்குக் கூறியது. கலையிலோ குணமும் குற்றமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தலும் உண்டு. அவ்விடத்து நிறுத்துப் பார்த்தலோடு வேரை அகழ்ந்து பார்த்தலும் வேண்டும்.

இவ்வாராய்ச்சியால் விளையும் பயன் சுவைத்தலோடு முடிவதன்று. தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. அதன் படச்சுருள் இன்று இல்லை. அக்காலச் செய்தித்தாட் குறிப்புகளும் விளம்பரங்களுமே அதனைப் பற்றி நமக்குச் சான்றாகின்றன. பழைய படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றுவன. வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைவன. அவற்றிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டனவும் உண்டு. எப்படத்தைப் போற்றுவார் இலரோ அப்படமே முதலில் அழிகின்றது.

இவ்விழப்பு நமக்குப் புதியதன்று. ஏட்டிற் படியெடுப்பார் இன்மையால் நூல்கள் மறைந்த வரலாற்றைத் தமிழ் பயில்வோர் அனைவரும் அறிவர். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. வளையாபதியும் குண்டலகேசியும் சில பாடல்களாகவே எஞ்சின. எஞ்சியவற்றைச் சிதைவுடையன என்று நாம் தள்ளவில்லை. சிதைவை அறிந்தே அவற்றைப் போற்றிக் கற்கின்றோம். அப்பயிற்சி நமக்கு இருத்தலின், குறையுடைய படங்களைக் காக்கும் கடமையும் நமக்கு மிகுதி. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் போற்றப்படாத ஒரு படத்தை எடுத்து, அதன் வழு இவை, வழுவமைதி இவை என வகுத்துக் கட்டுரை எழுதுவாராயின், அப்படத்தைத் தேடிக் காண்பார் சிலர் தோன்றுவர். காண்பார் உள்ளவரை காப்பாரும் இருப்பர்.