முதிய வீரர்களின் குழுப்படம்

போர்க்களத்தில் தோளோடு தோள் நின்றவர்களிடையே வளரும் நட்பு தனிச்சிறப்புடையது. அவர்கள் ஒரே ஊரில் பிறந்தவர்களாக இருக்கமாட்டார்கள். ஒரே மொழியைப் பேசுவோராகவும் இருக்கமாட்டார்கள். ஆயினும் ஒரே பதுங்குகுழியில் இரவுகளைக் கழித்தவர்களும், ஒரு குவளை நீரைப் பலராகப் பகிர்ந்து பருகியவர்களும், வாழ்நாள் முழுவதும் ஒருவரையொருவர் மறப்பதில்லை. படையிலிருந்து ஓய்வு பெற்று, உழவுக்கும் வாணிகத்துக்கும் பிற தொழில்களுக்கும் திரும்பிய பின்னரும், சில ஆண்டுகளுக்கொருமுறை அவர்கள் ஓரிடத்தில் கூடி மகிழ்கிறார்கள். உலகின் பல நாடுகளில் இவ்வழக்கம் உண்டு. நம் நாட்டுப் படைப்பிரிவுகளிலும் உண்டு. அக்கூட்டத்தில் மறைந்த தோழர்களுக்கு மலர்வளையம் வைப்பார்கள். உடன் அமர்ந்து உண்பார்கள். பழைய கதைகளைப் பேசுவார்கள். பிரியும் முன் அனைவரும் ஒருசேர அமர்ந்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குழுப்படத்தைப் பற்றியே இன்று மாணவர்களாகிய உங்களிடம் பேச விரும்புகிறேன்.

ஆண்டுதோறும் பள்ளியில் நாம் எடுக்காத குழுப்படமா, இதில் அறிவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். வகுப்புப் படம் சரியாக அமையாவிட்டால் மறுவாரம் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் அனைவரும் அங்கேதான் இருப்பார்கள். முதிய வீரர்களின் படத்திற்கு அந்த வசதி இல்லை. அடுத்த கூட்டம் நடைபெறும்பொழுது, இந்த வரிசையில் எத்தனை நாற்காலிகள் வெறுமையாக இருக்கும் என்பதை யாரும் சொல்ல இயலாது.

இதற்கு வரலாற்றில் தெளிவான சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை வடமாநிலங்களுக்கும் தென்மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அடிமை முறையே அப்போருக்கு அடிப்படைக் காரணம். அதன் பெரும் சமர்களுள் ஒன்று, பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள கெட்டிஸ்பர்க் என்னும் சிற்றூரில் 1863 ஜூலை 1, 2, 3 ஆகிய நாட்களில் நடைபெற்றது. இரு தரப்பிலும் மாண்டோர், காயமுற்றோர், சிறைப்பட்டோர், காணாமற்போனோர் ஆகியோரைக் கூட்டினால் தொகை சுமார் 50,000 ஆகும். மூன்றாம் நாள் பிற்பகலில் தென்படையினர் திறந்த வெளியைக் கடந்து, ஒரு தாழ்ந்த கற்சுவரை நோக்கிப் பாய்ந்தனர். சுவருக்குப் பின்னால் நின்ற வடபடையினர் அவர்களைச் சுட்டு வீழ்த்தினர்.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. 1913 ஜூலையில் அதே ஊரில் இரு தரப்பு முதிய வீரர்களும் கூடினர். வந்திருந்தோர் 53,000க்கும் மேற்பட்டவர்கள். ஜூலை 3ஆம் நாள், முன்பு அந்தச் சுவரின் இருபுறமும் நின்று போரிட்ட படைப்பிரிவுகளைச் சேர்ந்த முதியவர்கள், அதே சுவரின்மேல் கையை நீட்டி ஒருவரோடொருவர் கைகுலுக்கினார்கள். அக்காட்சி புகைப்படமாக எடுக்கப்பட்டு இன்றளவும் பாதுகாக்கப்படுகிறது.

மேலும் இருபத்தைந்து ஆண்டுகள் சென்றபின், 1938இல், மீண்டும் ஒருமுறை அங்கே கூடினர். இம்முறை வந்தவர்கள் சுமார் 1,800 பேரே. அவர்களுடைய சராசரி வயது 94. வடபடை வீரர்கள் 1866இல் அமைத்துக்கொண்ட ‘கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்’ என்னும் சங்கத்தின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. 1890ஆம் ஆண்டளவில் அதன் உறுப்பினர் தொகை நான்கு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 1949இல் இண்டியானாபொலிஸ் நகரில் நடைபெற்ற அதன் கடைசி மாநாட்டுக்கு வந்து சேர முடிந்தவர்கள் ஆறு பேர். 1956இல் கடைசி உறுப்பினரும் மறைந்தார், சங்கமும் மறைந்தது. இன்று அவர்களை நாம் காண்பது புகைப்படங்களில் மட்டுமே.

ஆகவே, அத்தகைய படத்தை எடுப்பவர் தம் தொழிலை நன்கு அறிந்தவராக இருத்தல் வேண்டும். அத்தொழிலின் நுட்பங்கள் சிலவற்றைக் காண்போம்.

பெருங்கூட்டத்தை ஒரே படத்தில் அடக்குவது எங்ஙனம்? காமிராவைத் தொலைவில் வைத்தால் முகங்கள் கடுகுபோலச் சிறுத்துவிடும். அருகில் வைத்து அகன்ற கோண லென்ஸைப் பயன்படுத்தினால், ஓரத்தில் இருப்பவர்கள் பக்கவாட்டில் இழுக்கப்பட்டவர்போலப் பருத்துத் தோன்றுவர். இச்சிக்கலைத் தீர்க்க வந்ததே ‘சர்க்கட்’ என்னும் சுழல் காமிரா. இதற்கு 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. முக்காலியின்மேல் பற்சக்கரங்களால் இக்காமிரா மெல்லச் சுழலும். அதற்கு இசைய உள்ளே பிலிம் ஒரு குறுகிய பிளவைக் கடந்து நகரும். கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, சிறிது சிறிதாகப் படம் பதிந்துகொண்டே செல்லும். இவ்வகைக் காமிராக்களுள் மிகப் பெரியது, 16 அங்குல அகலமுள்ள பிலிமில் 20 அடி நீளம் வரையிலும் படம் எடுக்கவல்லது. பிலிமின் அளவிலேயே படத்தை அச்சிட்டதால், ஆயிரம் பேர் கொண்ட படத்திலும் ஒவ்வொரு முகமும் தெளிவாக இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மக்களை நேர்க்கோட்டில் நிறுத்தினால், காமிராவுக்கு அருகிலுள்ள நடுப்பகுதியினர் பெரியவராகவும், முனைகளில் உள்ளவர் சிறியவராகவும் தோன்றுவர். எனவே, காமிராவை மையமாகக் கொண்டு வில்போல வளைந்த வரிசையில் அவர்களை நிறுத்துவார்கள். எல்லோரும் ஒரே தொலைவில் இருப்பதால், படத்தில் அவ்வரிசை நேராகத் தோன்றும். பின்னாலுள்ள நேரான கட்டடமோ வளைந்து தோன்றும்! காமிரா சுழன்று முடியச் சில விநாடிகள் ஆகுமாதலால், ஒரு முனையில் நின்ற குறும்புக்கார மாணவன் கூட்டத்தின் பின்புறமாக ஓடி, மறுமுனையிலும் நின்று, ஒரே படத்தில் இருமுறை இடம்பெறுவதும் உண்டு. இந்நாளில் பல படங்களைத் தொடர்ச்சியாக எடுத்துக் கணினியின் உதவியால் ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் பழைய விதி மாறவில்லை. இடையில் அசைந்தவர் படத்தில் வெட்டுண்டு போவார், அல்லது இரட்டையராகிவிடுவார்.

ஐம்பது, அறுபது பேர் கொண்ட குழுவுக்குச் சாதாரண காமிராவே போதும். இங்கே வரும் சிக்கல் வேறு. ஐந்து வரிசைகளாக அமைந்த கூட்டத்தில் முதல் வரிசையின்மீது லென்ஸைக் கூர்மைப்படுத்தினால் கடைசி வரிசை மங்கிவிடும். ஆதலால், முன்னிருந்து பின்வரையுள்ள ஆழத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொலைவில், அதாவது இரண்டாம் வரிசையை ஒட்டிக் கூர்மைப்படுத்தி, லென்ஸின் துவாரத்தைச் சுருக்குவார்கள். துவாரம் சுருங்கினால் தெளிவின் ஆழம் மிகும். ஆனால் உள்ளே வரும் ஒளி குறையும். அதை ஈடுசெய்யத் துவாரத்தை நெடுநேரம் திறந்துவைத்தால், முதியவர்களின் தலை அசைவும் கை நடுக்கமும் படத்தில் பதிந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடையே சரியான அளவைத் தேர்வதில்தான் தொழில் திறமை இருக்கிறது.

கண்ணிமைப்பதும் ஒரு கணக்கே. மனிதர் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கிறார். ஒவ்வொரு முறையும் கண் மூடியிருக்கும் நேரத்தை விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். அப்படியானால் நிமிடத்தில் 3 விநாடி, அதாவது இருபதில் ஒரு பங்கு நேரம், கண் மூடியிருக்கிறது. ஐம்பது பேருடைய கண்களும் ஒரே கணத்தில் திறந்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு? கணித மாணவர்கள் பெருக்கிப் பார்த்தால், பதின்மூன்றில் ஒன்று என்னும் விடை கிடைக்கும். ஆகையால் தேர்ந்த புகைப்படக்காரர் ஒரு படத்தோடு நிறுத்துவதில்லை. எல்லோரையும் கண்களை மூடச் சொல்லி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மூன்றில் திறக்கச் செய்து, அக்கணத்தில் எடுப்பதும் ஒரு முறையாகும்.

இவை காமிராவைப் பற்றியவை. முதியவர்களைப் பற்றிய கவனம் இதனினும் முக்கியமானது. அவர்களை வெயிலில் நிறுத்திவிட்டு, அதன்பின் காமிராவைச் சரிசெய்தல் கூடாது. நாற்காலிகளை முன்கூட்டியே இட்டு, அவற்றில் இளைஞர் சிலரை அமர்த்தி, ஒளியையும் தொலைவையும் சோதித்துக்கொண்ட பிறகே பெரியவர்களை அழைக்க வேண்டும். உச்சிவெயிலில் தொப்பியின் நிழல் கண்களை மறைக்கும். எதிர்வெயிலில் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். கட்டடத்தின் நிழலோ, மேகம் மூடிய காலை வேளையோ ஏற்றது. சக்கர நாற்காலியில் வந்தவர்களுக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்க வேண்டும். பின்வரிசைக்கு உயரம் வேண்டும் என்று எண்பது வயதினரைப் பெஞ்சின்மேல் ஏற்றுவதினும், புகைப்படக்காரர் தாமே ஏணியில் ஏறி மேலிருந்து எடுப்பது நன்று. அப்பொழுது ஒரு முகம் மற்றொரு முகத்தை மறைக்காது. நடுவில் அமர்பவர் யார் என்பதை விழாக் குழுவினர் முன்னரே முடிவு செய்துவிட வேண்டும். படையில் இருந்த பதவி வரிசையைப் பின்பற்றலாம். வயது வரிசையையும் பின்பற்றலாம். ஆனால் அங்கே நின்றுகொண்டு அதை விவாதித்தல் ஆகாது.

பதக்கங்களைப் பற்றியும் ஒரு சொல். வீரர் தம் பதக்கங்களை இடப்பக்க மார்பில் அணிவார். பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில், மறைந்த வீரரின் மகனோ பேரனோ அவருடைய பதக்கங்களை அணிய நேர்ந்தால் வலப்பக்கத்தில் அணிவது மரபு. நெகடிவைத் தலைகீழாகத் திருப்பி அச்சிட்டாலும், கண்ணாடிபோல இடவலம் மாற்றிப் பதியும் கைபேசியில் எடுத்தாலும், இடப்பக்கப் பதக்கம் வலப்பக்கம் போய்விடும். அந்நாட்டு மரபை அறிந்தவர் அப்படத்தைப் பார்த்தால், களத்தில் நின்ற வீரரையே வீரரின் வாரிசு என்று கருதிவிடுவார். பழைய படம் சரியாக அச்சிடப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கவும் பதக்கம் இருக்கும் பக்கம் உதவும்.

இனி, எல்லாவற்றிலும் தலையாயதும், பெரும்பாலும் கைவிடப்படுவதுமாகிய செயலுக்கு வருவோம். அதுவே பெயர் எழுதுதல். படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், பெயர் எழுதப்படாவிடில் ஒரு தலைமுறைக்குப் பின் அது பேசாத படமாகிவிடும். பதக்கங்களை எண்ணலாம்; உடையைக் கொண்டு படைப்பிரிவைக் கண்டறியலாம்; ஆளை மட்டும் அறிய முடியாது. ஆதலால், கூட்டம் கலையும் முன்னரே ஒருவர் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்து, முன்வரிசை முதலாக, படத்தைப் பார்ப்பவரின் இடப்புறத்திலிருந்து வலப்புறமாகப் பெயர்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். முனுசாமி என்று மட்டும் எழுதினால் போதாது. தந்தை பெயர், ஊர், படைப்பிரிவு, பணியாற்றிய ஆண்டுகள் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்துத் தலைகளின் உருவரையை வரைந்து, எண்ணிட்டு, எண்ணுக்கு நேரே பெயரை எழுதுவது பழைய முறை. இன்றும் அதனினும் சிறந்த முறை இல்லை. படத்தின் பின்புறத்தில் எழுதுவதானால், ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுத வேண்டும். பேனாவின் மை ஊறி முன்பக்கத்தைக் கெடுத்துவிடும். வழவழப்பான புதுவகைத் தாளில் பென்சில் பதியாது. அதற்குத் தனித்தாளே ஏற்றது.

வரலாறு பயிலும் மாணவர்களுக்கு மற்றொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதோடு, யார் இல்லை என்றும் கேட்டுப் பழக வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபடையின் சார்பில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றினார்கள். 1913ஆம் ஆண்டின் கெட்டிஸ்பர்க் படங்களில் அவர்களைக் காண்பது மிக அரிது. சுவரின்மேல் நிகழ்ந்த கைகுலுக்கல் உண்மையே. ஆயினும் அப்போரின் முழு உண்மையும் அப்படத்தில் அடங்கிவிடவில்லை. குழுப்படம் ஒரு சாட்சி. சாட்சியிடம் கேள்வி கேட்பது நம் கடமை.

நம் மாநிலத்தின் ஊர்களிலும் படையில் பணியாற்றித் திரும்பிய பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டுச் சுவர்களில் குழுப்படங்கள் தொங்குகின்றன. சட்டத்தின் கண்ணாடியில் தூசி படிந்திருக்கும், கறை ஏறியிருக்கும். உங்கள் பாட்டனாரோ அண்டை வீட்டுப் பெரியவரோ அத்தகைய படம் ஒன்றை வைத்திருந்தால், வருகின்ற விடுமுறையில் அவரிடம் அனுமதி பெற்று, அதனை எதிரே வைத்துக்கொண்டு அமருங்கள். ஒவ்வொரு முகமாகச் சுட்டி, இவர் யார் ஐயா, எந்த ஊர், எங்கே உடன் இருந்தார் என்று கேளுங்கள். அவர் சொல்லுவதை எண்ணிட்டு எழுதிக்கொள்ளுங்கள். சில பெயர்கள் அவருக்கு நினைவுக்கு வராமல் போகலாம். அந்த எண்களுக்கு நேரே இடம் விட்டு வையுங்கள், மறுநாள் நினைவுக்கு வந்தாலும் வரும். அன்று அந்த வரிசையில் நின்றவர்களுள் அப்பெயர்களைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவராகவே இருக்கலாம். ஆகையால், இவ்வேலையை அடுத்த விடுமுறைக்கு ஒத்திவையாதீர்கள்.