200 என்று காட்டிய ஓவன்

கோவையில் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறை. வெள்ளை அடித்து ஓவனுக்குள் போன ஜன்னல் கிரில்கள் மஞ்சள் பூத்து வெளியே வந்தன. பேனலிலோ 200 டிகிரி, ஆடாமல் அசையாமல் நிற்கிறது. பவுடரை மாற்றினார்கள், வேகவைக்கும் நேரத்தைக் குறைத்தார்கள். மஞ்சள் போகவில்லை. கடைசியில் தனி தெர்மாமீட்டர் ஒன்றின் சென்சாரை உள்ளே விட்டுப் பார்த்தோம். 250!

ஹீட்டரும் கன்ட்ரோலரும் நன்றாகவே இருந்தன. பிசகு, பத்து நாள் முன்பு மாற்றிய கேபிளில்.

ஓவனின் சூட்டை அளப்பது தெர்மோகப்பிள். இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளை நுனியில் சேர்த்துச் சூடாக்கினால், மறுமுனைகளுக்கு இடையே துளி மின்னழுத்தம் பிறக்கும். 1821-ல் சீபெக் கண்ட விளைவு இது. ஆலைகளில் அதிகம் புழங்கும் கே வகையில் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட்தான். இது இரு முனைகளின் சூட்டு வித்தியாசத்தை மட்டுமே சொல்லும். அதனால் கன்ட்ரோலர் தன் டெர்மினலின் சூட்டைத் தானே அளந்து அதோடு கூட்டிக்கொள்கிறது. தெர்மோகப்பிள் ஓவனுக்கு வெளியே கேபிளோடு இணையும் இடம் சென்சார் தலை. அங்கிருந்து பேனல் வரை தெர்மோகப்பிள் கம்பிகளின் அதே குணமுள்ள கேபிள்தான் வர வேண்டும். சாதாரணச் செம்புக் கம்பி ஆகாது.

அந்தக் கேபிளில் ஒரு கம்பி மஞ்சள், ஒன்று சிவப்பு. அமெரிக்க வழக்கப்படி தெர்மோகப்பிளில் சிவப்பு என்றால் மைனஸ். பேட்டரியிலோ சிவப்புதான் பிளஸ். "சிவப்புன்னா பிளஸ் தானுங்களே?" என்று எலெக்ட்ரீஷியன் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. முப்பது வருடம் பழகிய கை, சென்சார் தலையிலும் பேனலிலும் சிவப்பைப் பிளஸ்ஸில் முடுக்கியிருந்தது.

ஒரு முனையில் மட்டும் மாறியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்: ஓவன் சூடேறச் சூடேற எண் இறங்கும். இரண்டு முனையிலும் மாறினால் எண் ஒழுங்காக ஏறுகிறது. ஆனால் கேபிளின் இரு முனைகளுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் கூடுவதற்குப் பதிலாகக் கழிந்துவிடுகிறது. பிழை அதன் இரண்டு மடங்கு. சென்சார் தலை ஓவனின் கூரைத் தகட்டில், 60 டிகிரியில் இருந்தது. பேனல் 35. வித்தியாசம் 25, பிழை 50. ஓவன் 250-ஐத் தொட்டால்தான் கன்ட்ரோலருக்கு 200 தெரியும்.

நிறத்தை நம்பாதீர்கள், ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். கே வகையில் மைனஸ் கம்பியான அலுமெல் காந்தத்தில் ஒட்டும். பிளஸ்ஸான குரோமெல் ஒட்டாது. கன்ட்ரோலரின் மேல் சந்தேகமென்றால், கேபிளைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு டெர்மினலையும் சிறு கம்பியால் இணையுங்கள். பேனல் இருக்கும் இடத்தின் சூட்டைக் காட்ட வேண்டும். எக்ஸ்ட்ரூடர் போல பல ஹீட்டர் உள்ள இயந்திரத்தில் ஹீட்டர்களை ஒவ்வொன்றாகப் போட்டு, எந்த எண் ஏறுகிறது என்று கவனித்தால் சென்சார்கள் இடம் மாறியிருப்பது பிடிபடும். கம்பியில் கை வைக்குமுன் மெயினை அணைத்துப் பூட்டிவிடுங்கள்.

சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-ஆஃபுக்குத் தனி சென்சார் கட்டாயம் வேண்டும். அந்தப் பட்டறையில் அதையும் இதே தெர்மோகப்பிளில்தான் கோர்த்திருந்தார்கள்.

மெயினை அணைத்து, காந்தம் ஒட்டிய கம்பியை இரண்டு முனையிலும் மைனஸுக்கு மாற்றினோம். ஹீட்டரைப் போடாமல் கன்ட்ரோலருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தோம். ஓவன் அணைந்து கால் மணி நேரம் ஆகியும் பேனலில் 231 எரிந்தது.