உடம்புக்குள் ஒரு சுற்று – 23: 54 பேரில் அந்த ஆறு பேர்

நுரையீரலிலிருந்து கிளம்பிய புற்றுநோய்ச் செல் மூளையில் போய்ச் சிக்கிக்கொண்டதோடு போன வாரம் விட்டோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் கதிர்களைக் குவித்துக் கட்டியைத் தாக்கும் காமா கத்தி என்று சொல்லியிருந்தேன்.

அதற்குள் செபராங் ஜெயா சந்தையில் ஓர் அக்கா மீன் பையும் கையுமாக மடக்கிவிட்டார். "ஏன் தம்பி, மூளைக்கே பரவிருச்சுன்னா நாலாங் கட்டம்தானே? அப்புறம் எதுக்கு மண்டையத் திறக்கணும்? கத்தி பட்டா இன்னும் பரவும்கிறாங்களே?" பதில் தேடப் போனவன் 1990-இல் வந்த ஓர் ஆய்வில் குந்திவிட்டேன்.

அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ராய் பேட்செல் குழு செய்த ஆய்வு அது. உடம்பில் எங்கோ புற்றுநோய், மூளையில் ஒரே ஒரு கட்டி. இப்படி 54 பேர். கட்டியை எடுத்தோ, ஊசியால் துணுக்கு எடுத்தோ, எல்லோருக்கும் சதைப் பரிசோதனை நடந்தது. ஆறு பேருக்கு அது பரவிய புற்றுநோயே இல்லை! மூவருக்கு மூளையிலேயே முளைத்த வேறு கட்டி. மற்ற மூவருக்குச் சீழ் அல்லது அழற்சி. ஸ்கேனை மட்டும் நம்பியிருந்தால், சீழுக்குப் போய்க் கதிர்வீச்சு கொடுத்திருப்பார்கள். இன்றைய எம்.ஆர்.ஐ. இன்னும் தெளிவானதுதான். ஆனாலும் மருந்து ஏற்றி எடுக்கும் படத்தில் சுற்றி வெள்ளை வளையம், நடுவே கறுப்பு என்று வந்தால், அது பரவிய கட்டியாகவும் இருக்கலாம், சீழாகவும் இருக்கலாம், காசநோய்க் கட்டியாகவும் இருக்கலாம். காசநோய் ஒழியாத நம் நாட்டில் இதை லேசாக விட முடியாது.

மிச்சம் 48 பேர். கட்டியை எடுத்துக் கதிர்வீச்சும் பெற்றவர்களில் பாதிப் பேர் 40 வாரம் தாண்டினார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு அது 15 வாரம். அக்காவுக்கு நான் காட்ட விரும்புவது அடுத்த கணக்கை: பிறர் கையை எதிர்பார்க்காமல் நடமாடிய காலம் 38 வாரம், எதிரணிக்கு 8 வாரம். மண்டையைத் திறப்பது இதற்குத்தான்.

எல்லோருக்கும் திறப்பதில்லை. கட்டி ஒன்றாக, கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மற்ற உறுப்புகளில் நோய் அடங்கியிருக்க வேண்டும். பெரிதாகி மூளையை அழுத்தினால் அவசரம் கூடும். பரவி வந்த கட்டிக்குப் பெரும்பாலும் விளிம்பு உண்டு. கொட்டையில் ஒட்டாத ரக ரம்புத்தான் போல, சுற்றிலும் விலக்கிக்கொண்டே போனால் கழன்று வரும். ஒரு துணுக்கை அங்கேயே உறையவைத்துச் சீவி நுண்ணோக்கியில் பார்த்துவிடுவார்கள். அரைமணி நேரத்துக்குள் முதல் தகவல் வந்துவிடும். பிறகு அறுத்த எலும்பைத் திரும்ப வைத்துச் சிறு டைட்டானியத் தகடுகளால் முடுக்குவார்கள்.

கத்தி பட்டால் பரவுமா? அக்காவின் பயத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது. பின்மண்டையில், சிறுமூளைப் பக்கம் உள்ள கட்டியைத் துண்டு துண்டாக எடுத்தால், மூளையைச் சூழ்ந்த நீரில் செல்கள் சிந்திப் பரவும் வாய்ப்புக் கூடுகிறது. அதனால்தான் முடிந்த மட்டும் முழுதாக எடுக்கப் பார்க்கிறார்கள். சும்மா விட்டால் பரவாது என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

எடுத்தபின் கதிர்வீச்சு வேண்டுமா? அதே பேட்செல் 1998-இல் 95 பேரை வைத்துப் பார்த்தார். மூளை முழுவதற்கும் கொடுத்தால், மூளையில் நோய் திரும்புவது நூற்றுக்கு 70-இலிருந்து 18-ஆக இறங்கியது. ஆயுள் மட்டும் கூடவில்லை. ஞாபகசக்தி அடிவாங்குவது தனிக்கதை. கட்டி இருந்த இடத்தை மட்டும் குறிவைக்கும் முறை வந்தது இந்தச் சிக்கலால்தான். பினாங்குப் பாலம் தாண்டி, 1976-இல் கன்னியாஸ்திரீகள் தொடங்கிய மவுண்ட் மிரியம் மருத்துவமனைக்குக் கதிர்வீச்சுக்காகப் போய்வந்த குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஆக, காமா கத்தி அடுத்த வாரம். அதுவரை, வீட்டில் யாருக்காவது 'மூளையில் பரவல்' என்று ஸ்கேனில் எழுதி வந்தால் டாக்டரிடம் கேளுங்கள்: "சதைப் பரிசோதனை தேவையா, டாக்டர்?"