ஒரே நொடியில் உப்பும் மேஜிக்!

நாய்க்குட்டியின் தட்டில் கலகலவென்று விழுகிறதே மொறுமொறு உணவு... அதைச் சுடுவதும் இல்லை, பொரிப்பதும் இல்லை. அது ஒரு நொடியில் வெடித்துப் பிறக்கிறது! அந்த நொடியைப் பார்க்கத்தான் இந்தச் சுற்று. தலைக்கு வலைத்தொப்பி, காதுக்கு அடைப்பான்... ரெடியா? வாங்க, தொழிற்சாலைக்குள் நுழைவோம்!

முதலில் வரவேற்பது ஹாமர் மில். மக்காச்சோளம், அரிசி, சோயா, கோழி இறைச்சித் தூள் எல்லாம் இங்கேதான் மாவாகின்றன. இரும்புச் சுத்தியல்கள் சுழன்று அடிக்கிற அடியில், தானியம் தூளாகிச் சல்லடை வழியே இறங்கிவிடுகிறது. மாவு எவ்வளவு நைஸோ, அவ்வளவு நன்றாக வேகும்.

அடுத்து மிக்ஸர். வைட்டமின், தாது உப்பு எல்லாம் இங்கே சேரும். பூனைக்கான மாவு என்றால் டாரின் என்ற சத்து கட்டாயம். டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை பலவீனமாகிவிடும் என்பதை 1987-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நாய் உணவையே பூனைக்கும் போடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

மாவு நேராக அடுப்புக்குப் போகாது. நீராவி நிறைந்த உருளைக்குள் துடுப்புகள் அதைப் புரட்டிப் புரட்டி எடுக்கும். சில நிமிடங்களில் ஈரம் ஏறி, சூடு 90 டிகிரி செல்சியஸைத் தொட்டு, பாதி வெந்த பதத்துக்கு வந்துவிடும்.

இப்போது ஹீரோ என்ட்ரி... எக்ஸ்ட்ரூடர்! நம் வீட்டு இடியாப்ப உரலின் ராட்சத அண்ணன் இது. நீண்ட இரும்புக் குழாய்க்குள் திருகு சுழன்று மாவை நெருக்கித் தள்ளுகிறது. சூடு 120 முதல் 150 டிகிரி வரை ஏறும். ஆனாலும் மாவில் இருக்கிற தண்ணீர் கொதிக்காது. உள்ளே இருக்கும் அழுத்தம் அதற்கு வழிவிடாது. மாவுச்சத்து வெந்து பசையாகிறது, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் செத்துப்போகின்றன. எல்லாமே ஒரு நிமிடத்துக்குள்!

குழாயின் முனையில் அச்சு. எலும்பு, மீன் என விதவிதமான துளைகள். அதைத் தாண்டி மாவு வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென்று விழுகிறது. அதுவரை அடங்கிக் கிடந்த தண்ணீர் ஆவியாகிச் சீற, மாவு புஸ்ஸென்று உப்புகிறது! அதே நொடியில் சுழல் கத்தி சரக் சரக்கென்று நறுக்கித் தள்ளுகிறது. கத்தியின் வேகத்தைக் கூட்டினால் துண்டு மெலியும், குறைத்தால் தடிக்கும். 1957-ல் அமெரிக்காவின் ரால்ஸ்டன் பியூரினா நிறுவனம் இந்த முறையில் செய்த நாய் உணவைக் கடைக்குக் கொண்டுவந்தது. உலர் உணவுச் சந்தையே அதன் பிறகு மாறிப்போனது.

உப்பிய துண்டுகள் இன்னும் மெத்தென்றுதான் இருக்கும். சூடான காற்று வீசும் டிரையரில் பயணித்து, ஈரம் 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிய பிறகுதான் அந்த மொறுமொறுப்பு வரும். பூஞ்சையும் அண்டாது.

வாசனை எப்போது? கடைசியில்! கொழுப்பை முன்பே மாவில் நிறையச் சேர்த்தால் திருகு வழுக்கும், துண்டு உப்பாது. அதனால் வெற்றிடக் கலத்தில் துண்டுகளின் நுண்துளைகளிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு, கொழுப்பைத் தெளிக்கிறார்கள். காற்றைத் திரும்பவும் உள்ளே விட்டதும் அது கொழுப்பைத் துளைகளுக்குள் அழுத்தி ஏற்றிவிடுகிறது. என்ன அழகான யோசனை! மேலே ஈரல் சாறு பூச்சு. பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்பதால் அதற்குத் தனிச் சுவையூட்டி.

தீர்ப்புச் சொல்வது யார்? நாய்களும் பூனைகளும்தான்! இரண்டு கிண்ணங்களில் இரண்டு வகை உணவு வைத்து, எதில் முதலில் வாய் வைக்கிறது, எதை அதிகம் தின்கிறது என்று பார்க்கிறார்கள்.

ஆக, தண்ணீரை ஏற்றி, வெடிக்க வைத்து, பிறகு விரட்டியடிப்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். விரட்டிய தண்ணீரைத் திருப்பித் தருவது நம் பொறுப்பு. உலர் உணவு வைக்கும்போதெல்லாம் பக்கத்திலேயே ஒரு கிண்ணம் நல்ல தண்ணீரும் வையுங்கள்!