தொட்டித் தண்ணீருக்கு வைத்தியம்!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏற ஏறக் காது அடைத்துக்கொள்ளும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதுதான் காரணம். இந்தச் சின்ன விஷயத்துக்கும் புற்றுநோய் வைத்தியத்துக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா?

கதிர்ச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிகளில் விசித்திரமான ஒரு 'நோயாளி' இருக்கிறார். பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர்தான் அவர்! நம் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். ஆகவே கதிர்கள் தசைக்குள் எப்படிப் பாயுமோ, ஏறக்குறைய அப்படியே தண்ணீரிலும் பாயும். மருத்துவ பௌதிக நிபுணர், பென்சில் பருமனுள்ள கருவி ஒன்றைத் தண்ணீருக்குள் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நிறுத்துகிறார். அறைக் கதவைச் சாத்திவிட்டு, வெளியிலிருந்து கதிரைப் பாய்ச்சுகிறார். கருவிக்குள் இருப்பது ஒரு சிட்டிகைக் காற்று. கதிர் பட்டதும் அதில் மின்சாரம் உண்டாகிறது. எவ்வளவு மின்சாரமோ, அதைக் கொண்டு கதிரின் அளவைக் கணக்கிடுகிறார்.

அதே கருவியை ஏற்காட்டில் வைத்தால்? அங்கே காற்று லேசு. சேலத்தில் காட்டியதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். யந்திரம்தான் சோர்ந்துவிட்டது என்றெண்ணி நேரத்தைக் கூட்டினால் நோயாளியின் கதி என்ன? அதனால்தான் தொட்டிக்குப் பக்கத்தில் வெப்பமானியும் காற்றழுத்தமானியும் காவல் நிற்கின்றன. குழம்பில் உப்புக் கூடினால் தண்ணீர் விட்டுச் சமாளிக்கலாம். பாய்ந்த கதிரைத் திரும்ப எடுக்க முடியுமா? குறைத்துக் கொடுத்தாலோ, கட்டி பிழைத்துக்கொள்ளும். அளவு நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் பிசகலாகாது என்பது நிபுணர்களின் கணக்கு.

தொட்டி வருவதற்கு முன்னே மனிதத் தோல்தான் அளவுகோல். பியேர் கியூரி ரேடியத்தைத் தம் கையிலேயே பத்து மணி நேரம் கட்டிப் பார்த்து, 1901-இல் அந்த விவரத்தை வெளியிட்டார். 52 நாள் கழித்தும் புண் முழுதாக ஆறவில்லையாம். மேரி அம்மையார் எப்படித்தான் பொறுத்தாரோ!

நம் பக்கத்து ஜனங்கள் ரயிலேறிச் செல்லும் அடையாறு புற்றுநோய் நிலையம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றியது. அங்கே கோபால்ட் யந்திரம் 1950-களிலேயே வந்துவிட்டது. கோபால்ட்டின் வீரியம் மாதத்துக்கு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு தேயும். ஐந்தே கால் வருஷத்தில் பாதியாகிவிடும். முதலில் 2 நிமிஷம் படுத்திருந்தால் போதும் என்ற சிகிச்சைக்கு, அப்போது 4 நிமிஷம் வேண்டும். எத்தனை விநாடி கூட்டுவது என்று சரிபார்க்க, மறுபடியும் தொட்டியில் தண்ணீர் நிரப்புகிறார்கள்.